புளியா புலியா? 1.8 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரின் விலை

சொந்தமா ஹாம் ரேடியோ செட் கட்டுறவங்க நடுவே சுற்றும் ஒரு ஆலோசனை: குரலுக்கான ஃபில்டரை 1.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறுக்கிடுங்க, இரைச்சல் போயிடும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதல்ல கணக்கு. எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் நிறைஞ்ச அவனியாபுரம் மாதிரி நெருக்கமான இடத்துல 40 மீட்டரில் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் பரவலானது. ஃபில்டரின் அகலம் குறையும் விகிதத்தில்தான் அதுவும் குறையும். 2.4-லிருந்து 1.8-க்கு இறங்கினா லாபம் சுமார் 1.25 டெசிபல். ஒரு எஸ் யூனிட் 6 டெசிபல். காதுக்கு வித்தியாசமே தெரியாது. பக்கத்து அலைவரிசையில் ஒருத்தர் கத்தினா குறுகிய ஃபில்டர் உதவும், அதை மறுக்கல.

இழப்பு எங்கே? ல, ள, ழ மூன்றையும் பிரிச்சுக் காட்டுவதில் குரலின் மூன்றாவது ஒத்ததிர்வுக்குப் பெரிய பங்கு. நாக்கை மடிக்க மடிக்க அது கீழே இறங்கும். ஆண் குரலில் தோராயமா 1.8 முதல் 2.8 கிலோஹெர்ட்ஸ் வரைக்குள் இந்த விளையாட்டு. 300-ல் தொடங்கும் 1.8 ஃபில்டர் 2100-லேயே கதவைச் சாத்திடுது. (மதுரைப் பக்கம் ழ-வை ள-வாக்கிப் பேசுறவங்க நிறைய, பாதி வேலையை நாமே முடிச்சு வெச்சிருக்கோம்.) புளியா புலியான்னு பேச்சுப்போக்கில் ஊகிக்கலாம். வேலூரா வேளூரா? அவசரச் செய்தியில் ஊகம் போதாது.

இதைவிட முக்கியமான விஷயம், ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைச்ச பிட்எக்ஸில் இருக்கு. அருமையான, மலிவான டிசைன். அதில் வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே கிரிஸ்டல் ஃபில்டர். கிரிஸ்டல்களுக்கு நடுவே கிரவுண்டுக்குப் போகும் கண்டன்சர்களின் மதிப்பைக் கூட்டினா அகலம் குறையும், பத்து நிமிஷ வேலை. ஆனா உங்க குரலும் அதே சந்து வழியாத்தான் வெளியே போகணும். உங்க காதுக்காகச் செஞ்ச மாற்றத்துக்கு எதிர்முனையில் கேட்கிறவர் விலை கொடுக்கிறார். ஐகாம் 7300-ல் இந்தச் சிக்கல் இல்லை: கேட்க 3.0, 2.4, 1.8, அனுப்பும் அகலத்துக்குத் தனி மெனு. அந்த ரேடியோக்காரர் சொல்லும் அறிவுரையை பிட்எக்ஸ்காரர் அப்படியே எடுத்துக்கக் கூடாது.

பிட்எக்ஸில் கிரிஸ்டல் ஃபில்டரை 2.4-க்குக் கீழே கொண்டு போகாதீங்க. இறுக்கித்தான் கேட்கணும்னா டிடெக்டருக்குப் பின்னாடி ஆடியோ பக்கம் ஒரு லோ-பாஸ் போட்டு, கூடவே ஒரு சுவிட்சும் வைங்க.