காற்று அடங்கிய ஞாயிறு யாருக்கு?

பிரிட்டனில் மாதிரி விமானம் பறக்கவிடுபவர்களுக்கு வானம் சுலபத்தில் இடம் கொடுப்பதில்லை. மழை விட்டிருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், அது விடுமுறை நாளாகவும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பல கிளப்புகளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு: விவசாயியின் நிலத்தை வாடகைக்கு எடுத்து, தனி அனுமதி வாங்காமல் பறக்கவிட்டால் ஆண்டுக்கு 28 நாட்கள்தான். இப்படிச் சுருங்கிப்போன நேரத்துக்குள்தான் ‘கிளப் வேலைக்கு ஆள் வேண்டும்’ என்ற அழைப்பும் வருகிறது.

அழைப்பில் தவறில்லை. 1922இல் வேரூன்றிய பிரிட்டிஷ் மாதிரி விமானச் சங்கத்தின் கீழுள்ள கிளப்புகள் இன்றும் சம்பளமில்லா உழைப்பில்தான் ஓடுகின்றன. அந்த உழைப்பின் மதிப்பு அதிகம் தெரிவது ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வில். தேர்வுக்கு வருபவர் விமானத்தை மேலேற்றி, எட்டு வடிவில் சுற்றி, எஞ்சின் நின்றுவிட்டதுபோல் பாவித்துத் தரையிறக்கி, பாதுகாப்புக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். சோதிப்பவரும் இன்னொரு விமானப் பித்தர்தான். அடுத்த வாரம் அந்த விமானம் பறக்கும்போது அவரும் அதே மைதானத்தில் நிற்கப்போகிறவர் என்பதால் முகத்தாட்சண்யத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார். கூலிக்கு அமர்த்திய தேர்வாளரிடம் இந்த அக்கறையை எதிர்பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. அரசும் இந்தச் சம்பளமில்லா உழைப்பின்மேல்தான் சாய்ந்து நிற்கிறது. 2019 நவம்பர் முதல் 250 கிராமோ அதற்கு மேலோ உள்ள விமானங்களை இயக்குவோர் பதிவு செய்வது கட்டாயமான பிறகும், சங்க உறுப்பினர்களுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தனி அங்கீகாரம் தந்திருக்கிறது. கிளப்புகள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் காரணம். தன்னார்வலர் இல்லாமல் போனால் அந்த நம்பிக்கைக்கும் ஆதாரம் இருக்காது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. கிளப்புகள் அதைப் பேசுவதே இல்லை. வேலையும் பறத்தலும் ஒரே மணி நேரத்துக்கு அடித்துக்கொள்கின்றன. சதுரங்க மன்றத்தின் செயலாளர் ஆட்டமில்லாத இரவில் கணக்கு எழுதிவிடலாம். இங்கே ஓடுபாதையின் புல் காய்ந்திருந்தால்தான் வெட்ட முடியும். புல் காய்கிற நாள்தான் பறக்க உகந்த நாள். பயிற்றுநர் பாடு இன்னும் மோசம். இரண்டு ட்ரான்ஸ்மிட்டர்களை இணைத்துக்கொண்டு, மாணவர் தடுமாறும்போது கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்க வேண்டும். அவருடைய சொந்த விமானம் காரைவிட்டு இறங்குவதே இல்லை.

ஓய்வு பெற்றவர் செவ்வாய்க்கிழமை வந்து புல் வெட்டிவிட்டு ஞாயிறன்று பறக்கவிடலாம். இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் தப்பித்து வருபவரிடம் அந்த ஒரு காலையைக் கேட்டால், அவருடைய மாதம் முழுவதையும் கேட்டதாகிறது. இருவரும் கொடுப்பது அதே மூன்று மணி நேரம்தான் என்று கிளப் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு குறை, வேலையைப் பதவியாகக் கட்டிக் கொடுப்பது. செயலாளர் என்றால் வருடம் முழுக்க, எல்லையில்லாமல். ஆண்டுக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. பழைய ஆளே மறுபடி மாட்டிக்கொள்கிறார். அவர் ஒருநாள் சலித்து விலகும்போது, நில உரிமையாளருடன் பல வருடமாக வளர்த்த உறவும் அவரோடு போய்விடுகிறது.

வேலைக்கு வராதவரிடம் கூடுதல் சந்தா வாங்கினால் என்ன என்ற யோசனை அடிக்கடி எழும். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஒரு பரிசோதனையை உரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000இல் எழுதினார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வந்தால் அபராதம் என்றதும் தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. குற்ற உணர்வு போய் அது கட்டணமாகிவிட்டது. அதற்காகக் காசு கூடவே கூடாது என்பதில்லை. புல்லைக் காசு கொடுத்து வெட்டலாம். விவசாயியின் டிராக்டரே போதும். பாதுகாப்பையும் பயிற்சியையும் அப்படி வாங்குவதில்தான் எனக்குத் தயக்கம்.

மற்ற வேலைகளை வானிலை பார்த்துப் பிரிக்கலாம். உறுப்பினர் பட்டியல், சந்தா வரவு, அதிகாரிகளுக்கான கடிதங்கள் எல்லாம் நவம்பர் மழை இரவுக்கானவை. ஞாயிறு கிடைக்காதவர் அவற்றில் ஒன்றை மட்டும், முடியும் தேதியோடு எடுத்துக்கொள்ளட்டும். ஒருகாலத்தில் அந்த இரவுகளில்தான் பால்சா மரத்தில் இறக்கை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது நுரைப்பொருளால் செய்து தயாராக வரும் விமானங்கள் அந்த நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. மிச்சமான நேரம் கிளப்புக்கு வரவில்லை என்று மூத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் ஒரு மணி நேரம் பறக்கவிட்டுவிட்டுக் கிளம்புகிறவரின் சந்தாவும் சேர்ந்துதான் நில வாடகை கட்டுகிறது. அதனால் முணுமுணுப்பில் எனக்குப் பாதிச் சம்மதமே. அந்தப் பாதியும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரை நினைத்து.

அந்தப் பயிற்றுநரின் இழப்பைத்தான் எந்த ஏற்பாட்டாலும் முழுதாக ஈடுகட்ட முடியவில்லை. ஆரம்பப் பாடங்களைக் கணினி சிமுலேட்டரில், குளிர்கால இரவில் முடித்துவிடலாம். தரையிறக்கத்தை மைதானத்தில்தான் கற்க வேண்டும், அதுவும் காற்று அடங்கிய நேரத்தில். எனவே பயிற்சி நாளில் முதல் ஒரு மணி நேரம் பயிற்றுநருக்கு என்று எழுதி வைத்துவிடலாம். அவர் தன் விமானத்தைப் பறக்கவிட்டு இறக்கட்டும். அதுவரை மாணவர் பேட்டரியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம்.