எது எதைச் சுமப்பது

பாறை ஏறும் வண்டியை ரசிக்க விரும்புகிறவர் முதலில் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கில் 2007 முதல் நடந்துவரும் ‘கிங் ஆஃப் தி ஹேமர்ஸ்’ பந்தயத்தில் எஞ்சின் உறுமலுக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். பாறை இடுக்கில் மாட்டிய சக்கரம் சட்டென்று பிடிமானம் பெறும் நொடியில் அடி வாங்குவதோ ஆக்ஸில்.

அந்த அடி எவ்வளவு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் தரும் முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர். முதல் கியர் அதை 4 மடங்காக்குகிறது, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் இன்னொரு 4 மடங்கு, ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சோடியான கிரவுன் வீலும் பினியனும் சேர்ந்து 5 மடங்கு. மொத்தம் 80 மடங்கு, 28,000 நியூட்டன் மீட்டர். டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டு மூன்று சக்கரங்கள் வழுக்கும் இடத்தில் நின்றால், இதில் பெரும்பங்கு ஒற்றை ஷாஃப்ட்டின் மேல் வந்து விழும். 40 அங்குல டயர் போட்டிருந்தால் நிலைமை இன்னும் கடுமை.

இதற்கு விடை தடித்த இரும்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நல்ல ஆக்ஸிலின் அழகு பங்கீட்டில் இருக்கிறது என்பது என் கட்சி. எது எதைச் சுமப்பது, எது எதைச் சுமக்கக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் இந்தத் தொழிலின் சாரம்.

அமெரிக்கப் பட்டறைகள் கொண்டாடும் டானா 60 ஆக்ஸிலை எடுத்துக்கொள்வோம். அதன் கிரவுன் வீலின் விட்டம் 9.75 அங்குலம். கனரக டிரக்குகளுக்காக வந்த அதன் வடிவங்கள் ‘ஃபுல் ஃப்ளோட்டிங்’ வகை. சாதாரணக் கார்களின் பின் ஆக்ஸிலில் உள்ளே சுற்றும் ஷாஃப்ட்டே வண்டியின் எடையையும் தாங்கும், சக்கரத்தையும் சுழற்றும். அது முறிந்தால் சக்கரமே கழன்றுவிடலாம். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் எடை முழுவதும், ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் முனையிலுள்ள, சுழலாத ஸ்பிண்டில் மீது இறங்குகிறது. மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நின்று பாரம் தாங்க, சக்கரம் அதன் மேல் தன்போக்கில் சுற்றுமே, அதே ஏற்பாடு. ஷாஃப்ட்டுக்கு மிஞ்சுவது முறுக்கு மட்டும். அது முறிந்தாலும் துண்டுகளை உருவிப் போட்டுவிட்டு, மீதிச் சக்கரங்களின் இழுவையில் வீடு வந்து சேரலாம்.

அந்த ஷாஃப்ட்டையும் சற்று உற்றுப் பாருங்கள். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 4340 எஃகு, 1.5 அங்குலத் தடிமனில், முனையில் நீளவாக்கில் வெட்டிய 35 ஸ்பிளைன் பற்கள். தேர்ந்த தயாரிப்பாளர் அதன் நடுப்பகுதியைக் கடைந்து, ஸ்பிளைன் பள்ளத்தின் அடியளவைவிடச் சற்று ஒல்லியாக்குகிறார். பார்ப்பவருக்குப் பலவீனப்படுத்துவதாகத் தோன்றும். உண்மையில், நடுவைத் தடியாக விட்டால் முறுக்கு முழுவதும் ஸ்பிளைன் தொடங்கும் மூலையில் குவிந்து அங்கேயே வெட்டிவிடும். ஒல்லியான நடுப்பகுதி நீளம் முழுவதும் சற்று முறுகி, அடியை வாங்கிக்கொண்டு, பழையபடி நிமிர்ந்துவிடும். ஷாஃப்ட்டின் நீளத்துக்கு நேர்கோடாகப் பெயின்ட் அடித்து வைப்பவர்கள் உண்டு. பந்தயத்துக்குப் பிறகு உருவிப் பார்க்கையில் கோடு சுருளாக வளைந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டதென்று பொருள்.

முன் ஆக்ஸிலில் இன்னொரு நுட்பம். கிரவுன் வீல் பல்லின் குவிந்த முகம்தான் வலிமையானது. பின் ஆக்ஸிலுக்கென வெட்டிய பல்சோடியை முன்னால் பொருத்தினால், வண்டி முன்னேறும்போது பல்லின் குழிந்த, வலு குறைந்த முகம் பாரம் தாங்க நேரிடும். 1970களின் கடைசியில் ஃபோர்டின் எஃப்-350 டிரக்குகளில் வந்த டானா 60-இல் பினியன் மேலே இருக்கும்; பற்கள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். பாரம் வலிமையான முகத்துக்கே போய்விடுகிறது, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் பாறைக்கு எட்டாமல் உயர்ந்துவிடுகிறது. பழைய இரும்புக் கடைகளில் இதற்காகவே தேடி அலைகிறார்கள். அலையத் தகுந்த பொருள்தான்.

ஹவுசிங்கில் கைவேலை தொடங்குகிறது. நடுவில் வார்ப்பிரும்புக் கூடு, இரு பக்கமும் அதற்குள் அழுத்திச் செருகிய எஃகுக் குழாய்கள். பாறை அடியில் குழாய் கூட்டுக்குள் திரும்பிவிடாமலிருக்க இரண்டையும் வெல்டு செய்கிறார்கள். வார்ப்பிரும்பு திடீர்ச் சூட்டுக்கு வெடித்துவிடும். முன்கூட்டியே சூடேற்றி, வெல்டு வைத்து, போர்வை சுற்றி மெல்ல ஆறவிட வேண்டும். ஒரே பக்கமாக வெல்டு இழுத்தால் அந்தப் பக்கம் சுருங்கிக் குழாய் வளையும். அதனால் சிறு சிறு தையலாக, பக்கம் மாறி மாறிப் போக வேண்டும். பேரிங் இருக்கைகளில் கடைந்த வளையங்களை உட்காரவைத்து, அவற்றின் ஊடாக ஒரு நேர்க்கம்பியை விட்டுச் சோதிப்பார்கள். கம்பி தடையின்றிச் சுழலும்வரை பிரெஸ்ஸில் வைத்து நிமிர்த்துவார்கள். நேராக இல்லாத ஹவுசிங்கில் எத்தனை விலையுயர்ந்த ஷாஃப்ட்டைப் போட்டாலும் வீண்தான். பேரிங்குகளும் சீல்களும் வரிசையாகப் போகும்.

கடைசியாகப் பல்சேர்க்கை. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உராயவிட்டு, ஜோடி எண் பொறிக்கப்பட்டு வருபவை. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை ஷிம் தகடுகள் தீர்மானிக்கின்றன. இரண்டு பற்களுக்கும் இடையே விடும் சிறு இடைவெளி, பரவலான வழக்கத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு. பேரிங்குகள் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதற்காக, அந்த வார்ப்பிரும்புக் கூட்டையே கருவி வைத்து மயிரிழை விரித்து டிஃபரன்ஷியலை இறக்குவதுண்டு. பிறகு பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுழற்றுவார்கள். பசை விலகிய தடம் பல்லின் நடுவில் முட்டை வடிவில் விழ வேண்டும். உச்சிக்கோ வேருக்கோ நகர்ந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றி, ஷிம் மாற்றி, மறுபடி முதலிலிருந்து. பொறுமையற்றவர் ‘போதும்’ என்று மூடிவிடும் இடம் இது. நல்ல கைகளை நான் அடையாளம் காண்பதும் இங்கேதான்.

சுமையை இன்னும் தள்ளிவிட முடியுமா? ஜெர்மனியில் 1940களின் இறுதியில் விவசாய வண்டியாகப் பிறந்த யூனிமோக் அதைச் செய்தது. சக்கரத்தருகே தனிப் பல்சக்கரங்களை வைத்துக் கடைசி மடங்கை அங்கேயே பெருக்கியதால், ஷாஃப்ட்டுக்கு வரும் முறுக்கு குறைந்தது. ஆக்ஸிலும் தரையிலிருந்து உயர்ந்தது. பாகங்களின் எண்ணிக்கையும் எடையும் கூடியது அதற்குக் கொடுத்த விலை. எனக்கு அது மிக நேர்த்தியான தீர்வு. ஆனால் நடுக்காட்டில் கழற்றிப் பூட்ட வேண்டியவருக்கு டானா 60-ஐத்தான் சொல்வேன்.

அப்படி ஓர் ஆக்ஸிலைச் செய்து வாங்குகிறவர்கள், குழாயின் தடிமனைக் கேட்பதற்கு முன் அந்த மஞ்சள் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். முதல் 25, 30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நன்றாக ஆறவிடுங்கள். 800 கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை மாற்றிவிடுங்கள். புதுப் பற்கள் உதிர்க்கும் இரும்புத் துகள் அதோடு வெளியே வந்துவிடும்.