செவியறிவுறூஉத் துறையும் ஓசூர் நகராட்சியும்

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடியது புறநானூற்று 35ஆம் பாட்டு. துறை செவியறிவுறூஉ. அரசர்க்கு அறம் உரைக்கும் பாட்டு என்ற அளவில் வகுப்பறையில் இதனை முடித்துவிடுகிறோம். வெண்கொற்றக்குடை வெயில் மறைத்தற்கன்று, வருந்திய குடிகளுக்கு நிழலாதற்கே என்னும் கருத்தைப் பாராட்டி அமைதலும் வழக்கமாயிற்று. பாட்டின் உயிர்நிலை அவ்விடத்தன்று என்பது நம் துணிபு.

இதனைப் பாடிப் புலவர் பழைய செய்க்கடனை நீக்கிக்கொண்டார் என்று பாட்டின் அடிக்குறிப்புக் கூறுகிறது. செய்க்கடனாவது விளைநிலத்தின்மேல் நின்ற வரிக்கடன். பாட்டினுள்ளோ வரி பற்றிய வேண்டுகோள் வெளிப்படையாக யாண்டும் இல்லை. உழவரது 'பாரம்' ஓம்புக என்னும் குறிப்பு ஒன்றே உண்டு. பின் வரி நீங்கியது எங்ஙனம்? விடை முற்பகுதியில் உள்ளது. முறை வேண்டி வருவார் அரசனை எளிதிற் காணப்பெறுதல், மழை வேண்டிய காலத்து மழை பெறுதலோடு ஒப்ப வைத்துப் பேசப்படுகிறது. கேட்கும் செவி அணுகத்தக்க தொலைவில் இருத்தலே இத்துறைக்கு நிலைக்களம் என்க. அந்நிலைக்களம் இல்லாதொழியின் அறிவுரை யாரை நோக்கியது?

இவ்வினாவை வெறும் ஏட்டளவில் விடாது, ஓரூரின்மேல் வைத்து நோக்குதல் பயனுடைத்து. கருநாடக எல்லையை அடுத்த ஓசூரை எடுத்துக்கொள்வாம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகளால் வளர்ந்த நகரம் அது. தமிழகமெங்கும் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதமே தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பின்னர் இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை எனக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓசூர் 2019 பெப்ரவரியில் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஆயினும் உறுப்பினர் ஒருவரேனும் இலர். அலுவலரே ஆண்டனர். நகர்ப்புறத் தேர்தல் 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. பெயர் பெரிதாயிற்று, அவை வெறுமையாய்க் கிடந்தது.

அவ்விடைக்காலம் எளிய காலமன்று. 2019இல் வாகன விற்பனை சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளுக்கும் வேலையில்லா நாட்களை அறிவித்தது. பேராலை நின்றால் அதற்கு உதிரிப்பாகம் செய்து வாழும் சிறு பட்டறையும் நிற்கும். விற்பனைச் சரிவுக்கு நகர மன்றம் பொறுப்பாகாது என்பது மெய். ஆனால் வரி? 2018இல் மாநில அரசு சொத்துவரியைக் குடியிருப்புகளுக்கு 50 விழுக்காடு வரையும், குடியிருப்பல்லாக் கட்டடங்களுக்கு 100 விழுக்காடு வரையும் உயர்த்தியது. இக்காலத்துச் செய்க்கடன் இதுவே அன்றோ! முறையிட விரும்பிய பட்டறையாளர்க்குத் தம் வார்டின் உறுப்பினர் என ஒருவர் இலர். 2019 நவம்பரில் அவ்வுயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் ஊரகத் தேர்தல் என்பதையும் உடன்வைத்து எண்ணுக. செவி திறந்த காலத்தை நோக்கின், திறந்த காரணமும் ஒருவாறு விளங்கும்.

பிறிதொன்று. இயற்கையல்லாதன செயற்கையால் தோன்றினும் உலகம் காவலரையே பழிக்கும் என்கிறார் நாகனார். பெங்களூரின் கழிவு கலந்து வரும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரைமலையாய்ப் பொங்குவதைக் கண்டார்க்கு இவ்வடிக்கு உரை வேண்டா. அந்நீரே அவ்வணையின் பாசனத்து உழவர்க்கு வாய்த்த நீர். இங்கோ பழிக்கப்படுவோர் இரண்டு மாநிலத்துக் காவலர். பழியும் எல்லையில் நின்றுவிடுகிறது.

தேர்தல் ஒன்றே தீர்வு என்பாரோடும் நாம் முழுதும் உடன்படுவதற்கில்லை. மன்றங்கள் அமைந்த சில வாரங்களில், 2022 ஏப்ரலில், அரசு மீண்டும் சொத்துவரி உயர்வை அறிவித்தது. மன்றம் இல்லாதபோதும் இருந்தபோதும் முடிவு பிறந்த இடம் சென்னையே.

இனிப் பாட்டின் இறுதியில் வரும் 'நொதுமலாளர்' என்னும் சொல்லை மீண்டும் நோக்குவாம். அவர்தம் பொதுமொழியைக் கொள்ளற்க என்பது புலவர் கூற்று. அயலார் என அதற்குப் பொருள் கொள்வர். பகைவரென்றோ கொடியரென்றோ புலவர் கூறாமை கருதத்தக்கது. தாம் உரைக்கும் முடிவால் தமக்கு இழப்பொன்றும் நேராதவர் என்று கொள்ளின், பாட்டின் இயைபுக்கும் செய்க்கடன் பற்றிய குறிப்புக்கும் அதுவே பெரிதும் பொருந்துகிறது.