பார்த்தவர்கள் கணக்கும் வந்தவர்கள் கணக்கும்

நடிகை பூனம் பாண்டே செத்துப் பிழைத்த கதை எல்லோருக்கும் தெரியும். 2024 பிப்ரவரி 2ஆம் தேதி, அவர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் கணக்கிலேயே அறிவிப்பு வந்தது. மறுநாள் அதே கணக்கில் அவரே தோன்றி, எல்லாம் விழிப்புணர்வுக்காகத்தான் என்றார். விசாரிக்காமல் இரங்கல் எழுதிய ஊடகங்கள் வெட்கப்பட்டன, அல்லது வெட்கப்பட்டதுபோலக் காட்டிக்கொண்டன. அந்தப் பொய்யைத் திட்டவேண்டிய அளவுக்குத் திட்டியாகிவிட்டது. எனக்கு அதைவிட ஆபத்தாகப் படுவது, அதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம். பிரச்சாரத்தில் பங்குபெற்ற விளம்பர நிறுவனம் மன்னிப்புக் கேட்ட கையோடு, இந்த நோயின் பெயர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்தித் தலைப்புகளில் இடம்பெற்றுவிட்டது என்று கணக்குச் சொன்னது. வழி தவறுதான், ஆனால் நோக்கம் நிறைவேறிவிட்டதே என்று நிதானமானவர்களே பேசினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஜனவரியிலும் மார்பகப் புற்றுநோய்க்கான அக்டோபரிலும் பொய் கலக்காத பிரச்சாரங்களுக்கும் இதே சமாதானம்தான் சொல்லப்படுகிறது: இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், போதாதா? போதாது. நோக்கம் நிறைவேறவே இல்லை என்பது என் கட்சி.

பணம் திரட்டும் விஷயத்தில் சமூக ஊடகத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. 2014 மார்ச்சில் பிரிட்டனில் பெண்கள் ஒப்பனையில்லாத முகத்தைப் படமெடுத்துப் போட்டார்கள். கூடவே மூன்று பவுண்டு நன்கொடைக்கான குறுஞ்செய்தி எண்ணையும் பகிர்ந்தார்கள். அந்த அலையைக் கிளப்பியது, நன்கொடையைப் பெற்ற கேன்சர் ரிசர்ச் யூகே அமைப்பு இல்லை. எங்கோ எழும்பியதைக் கவனித்து எண்ணைக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆறே நாளில் 80 லட்சம் பவுண்டு சேர்ந்தது. அதே ஆண்டு கோடையில் ‘ஐஸ் பக்கெட்’ சவாலுக்காகத் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டவர்களால் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் கிடைத்தது. அதில் ஒரு பங்கு சென்ற ஆய்வில், அந்த நோயோடு தொடர்புள்ள என்.இ.கே.1 மரபணு 2016இல் அடையாளம் காணப்பட்டது. நம்மூரிலும் மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் வழியே முகம் தெரியாதவர்கள் அனுப்பிய பணத்தில் பிழைத்த குழந்தைகள் இருக்கிறார்கள். சரி.

இவையெல்லாம் ஏன் பலித்தன? கேட்கப்பட்ட காரியம் கைப்பேசிக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் காரியம். படத்தைப் பார், எண்ணை அழுத்து, பணம் போய்ச் சேரும். புற்றுநோயைத் தடுப்பது அப்படிப்பட்ட காரியமா? ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும், பேருந்து ஏறவேண்டும், ஒரு நாள் கூலியை விடவேண்டும், திரை போட்ட அறையில் கால்களை மடக்கிப் படுக்கவேண்டும், முடிவைக் கேட்க இன்னொரு முறை வரவேண்டும். நிதி திரட்டலில் கிடைத்த வெற்றியைக் காட்டி விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்கும் நற்சான்று வாங்கிக்கொள்வதுதான் இந்தத் துறையில் நடக்கும் கண்கட்டு.

இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருகிறது. 75,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இவ்வளவு சாவையும் வெட்கக்கேடாக்குவது அந்த நோயின் நிதானம். எச்.பி.வி. கிருமி தொற்றி, திசு மெல்ல மாறி, புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அந்த இடைவெளியில் எப்போது பார்த்தாலும் தடுத்துவிடலாம். பார்ப்பதற்குப் பெரிய கருவியும் வேண்டாம்: நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் மாறிய திசு வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற செவிலியர் செய்யக்கூடிய சோதனை, வி.ஐ.ஏ. என்பார்கள். இருந்தும் 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த நோய்க்குச் சோதிக்கப்பட்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்தைத் தொடவில்லை, அதற்கே நாம் முன்வரிசை.

எதிர்க்கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் ஜேட் கூடியின் பெயரை எடுப்பார்கள். எடுக்கட்டும், அவர்கள் தரப்பில் இருக்கும் நல்ல சான்று அது ஒன்றுதான். பிரிட்டனின் ரியாலிட்டி ஷோ நட்சத்திரமான அவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற செய்தி 2008 ஆகஸ்டில் வந்து சேர்ந்தபோது அவர் இருந்தது இந்தியாவில், பிக் பாஸ் வீட்டுக்குள். 2009 மார்ச்சில், 27 வயதில் இறந்தார். நோயின் ஒவ்வொரு கட்டமும் கேமரா முன்னால் நடந்தது. அந்த ஓராண்டில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் கூடுதலாகச் சோதனைக்கு வந்தார்கள். பிரபலத்தின் துயரம் ஊரைச் சோதனைக்கு அழைத்துவரும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த ஐந்து லட்சம் பேர் எங்கே வந்தார்கள்? இங்கிலாந்தில் 1988 முதல் உரிய வயதுப் பெண்கள் எல்லோருக்கும் முறைவைத்து அழைப்புக் கடிதம் போகிறது. எந்த மருத்துவரிடம் போகவேண்டும் என்பது தெரியும், கட்டணம் கிடையாது, முடிவு வீட்டுக்கு வரும், வராதவருக்கு மறுபடி கடிதம் வரும். மேசை இழுப்பறையில் கிடந்த கடிதத்தை எடுத்துப் பார்க்கவைத்தார் ஜேட் கூடி. இழுப்பறையில் கடிதமே இல்லாத நாட்டில் அதே செய்தி என்ன செய்யும்? ஜேட் கூடிக்குச் செய்தி வந்து இறங்கிய பிக் பாஸ் வீடு நம் லோனாவ்லாவில்தான் இருந்தது. நம் நாட்டில் அன்றைக்கும் அப்படி ஓர் அழைப்பு ஏற்பாடு இல்லை, இன்றைக்கும் இல்லை. இங்கிலாந்திலேயே அந்த அலை சீக்கிரம் வடிந்து, பத்தாண்டு கழித்துச் சோதனைக்கு வருபவர்களின் விகிதம் இருபதாண்டுகளில் இல்லாத அளவுக்கு இறங்கியது தனிக்கதை.

இனி நம்மூருக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ஆர். சங்கரநாராயணனும் தமிழ்நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து நடத்தியது. 114 ஊர்த் தொகுதிகளைப் பிரித்து, பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களை வி.ஐ.ஏ. சோதனைக்கு அழைத்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள், நூற்றுக்கு 63. ஹேஷ்டேக் இல்லை, நடிகை இல்லை. வீடு தேடிப் போய்ப் பேசிய ஆட்கள் இருந்தார்கள், சோதிக்கப் பெண் செவிலியர்கள் இருந்தார்கள், மாற்றம் தெரிந்தால் அங்கேயே உறையவைத்துச் சிகிச்சை தருவதற்கான ஏற்பாடும் இருந்தது. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: நோய் கால் பங்கு குறைந்தது, சாவு 35 விழுக்காடு குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நிறைந்த ஊர்களில், கைப்பேசி பரவாத காலத்தில் கிடைத்த பலன் இது.

இந்த 63-ஐயும் பத்தைத் தொடாத மாநில விகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபிறகும், நம் பெண்களுக்குக் குறை விழிப்புணர்வுதான் என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்கைப் பார்க்க மறுக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். யாரும் வந்து அழைக்கவில்லை, அழைத்த இடத்தில் உரிய அறையும் ஆளும் இல்லை, மாற்றம் தெரிந்தால் அடுத்த கட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வரை அலையவேண்டும் என்பவைதான் குறைகள். தேனியிலும் தஞ்சாவூரிலும் 2007இல் அரசு முன்னோட்டமாகத் தொடங்கிய பரிசோதனைத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்த பிறகும் இழுபறியாவது இங்கேதான். ரீல்ஸ் இவற்றில் எதைத் தொடுகிறது? பந்திக்கு அழைத்துவிட்டு இலை போடாமல் நிற்பவரைப் போன்றது சோதிக்க இடம் சொல்லாத விழிப்புணர்வு.

இன்னொன்றும் உண்டு. சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் இருக்கிறது. தொடங்கிய காலத்தில் சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கருப்பைவாய்தான் முதலிடம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, மார்பகப் புற்றுநோய் அதைத் தாண்டிவிட்டது. தாமதமான திருமணம், குறைந்த பிள்ளைப்பேறு, படிப்பு, தண்ணீர் வசதி என்று காரணங்களைச் சொல்கிறார்கள். இந்த இறக்கம் தொடங்கியபோது ஃபேஸ்புக் பிறக்கக்கூட இல்லை. இந்த நோயை இந்த மாநிலத்தில் உண்மையிலேயே குறைத்தவற்றின் பட்டியலில் சமூக ஊடகம் எத்தனையாவது இடத்தில் வரும்?

யார் பார்க்கிறார்கள் என்பதையும் கேட்கவேண்டும். இந்த நோயால் அதிகம் சாகிறவர்கள் நாற்பது ஐம்பதைத் தாண்டிய, வசதி குறைந்த பெண்கள். ரீல்ஸ் போய்ச் சேர்வது பெரும்பாலும் அவர்களுடைய மகள் வயதுக்காரர்களிடம், அதிலும் நகரத்து மகள்களிடம். பயந்துபோய் 22 வயதில் தனியார் லேபில் ‘பேக்கேஜ்’ எடுக்கிறாள் ஒருத்தி. இங்கே அரசுத் திட்டத்தில் முப்பது வயதிலிருந்துதான் சோதனை, அவள் வயதுக்குத் தடுப்பூசி பற்றிக் கேட்பதே பொருத்தம் என்று அந்த வீடியோ சொல்லியிருக்காது. வேண்டாதவர்களைச் சோதிப்பதும் நன்மை இல்லை. தென் கொரியாவில் தைராய்டு புற்றுநோய்க்கு ஆர்வமாகத் தேடத் தொடங்கியதில், 1993ஐவிட 2011இல் கண்டுபிடிப்பு 15 மடங்கானது. சாவு குறையவே இல்லை. தேவையில்லாமல் கழுத்தை அறுத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

பூனம் பாண்டே அறிவிப்புக்கு முந்தைய நாள்தான், 2024 பிப்ரவரி 1ஆம் தேதி, 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கான தடுப்பூசியை ஊக்குவிப்போம் என்று நிதியமைச்சர் இடைக்கால பட்ஜெட்டில் சொல்லியிருந்தார். எப்போது, எந்த மாநிலத்தில், எத்தனை பேருக்கு என்று அந்த வாரம் முழுக்க அரசைக் குடைந்திருக்கலாம். சீரம் நிறுவனத்தின் உள்நாட்டுத் தடுப்பூசி அதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது. நாடு முழுக்க அந்த வாரம் பேசியது ஒரு நடிகையின் ஒழுக்கத்தைப் பற்றி. கவனம் என்பது அளவுள்ள பண்டம். அதை ஓரிடத்தில் கொட்டினால் இன்னோரிடத்தில் இல்லாமல் போகும்.

நிதி திரட்டலுக்கு மேலே தந்த சலுகையிலும் கொஞ்சம் திரும்ப வாங்கவேண்டியிருக்கிறது. கைப்பேசியில் வரும் சிகிச்சை வேண்டுகோள்கள் அநேகமாக முற்றிய நோய்க்கானவை. படத்தில் குழந்தை இருந்தால் பணம் வரும், இளந்தாய் இருந்தால் கொஞ்சம் வரும். 52 வயதுக் கூலித் தொழிலாளிக்குக் கருப்பைவாயில் புற்று என்றால் அந்தப் படத்தை யார் பகிர்வார்? நோயின் பெயரையே வீட்டில் சொல்லக் கூசுகிறோம். அவளுக்கு நோய் வராமல் தடுத்திருக்கக்கூடிய செவிலியரின் சம்பளத்துக்கும் ஒரு புட்டி அசெட்டிக் அமிலத்துக்கும் எந்தத் தளத்திலும் வேண்டுகோள் கிடையாது. கண்ணீர் வரவழைக்காத செலவு அது.

மக்கள் பேசினால்தானே அரசு அசையும் என்பார்கள். ஏதாவது கேட்டுப் பேசினால் அசையும். இளஞ்சிவப்பு ரிப்பனோடு எடுத்த செல்ஃபி எதைக் கேட்கிறது? குறைந்தபட்சம், முப்பது தாண்டியவர் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லாமல் சோதித்துக்கொள்ளலாம், விவரத்துக்கு 104ஐ அழையுங்கள் என்ற இரண்டு வரியை அந்தப் பதிவுகளில் நான் தேடியிருக்கிறேன். அநேகமாகக் கிடைப்பதில்லை. கிடைப்பது போட்டவரின் முகம்.

அதனால் வரும் ஜனவரியில் எந்த நிறுவனமாவது இந்த நோய்க்காகப் பிரச்சாரம் செய்ய முன்வந்தால், முதலில் ஓர் ஊராட்சி ஒன்றியத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அங்கே முப்பது தாண்டிய பெண்கள் எத்தனை பேர், இதுவரை சோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், மாற்றம் தெரிந்தவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் கேட்டு வாங்கட்டும். ஆண்டு முடிவில் அந்த எண்கள் எவ்வளவு நகர்ந்தன என்று வெளியிடட்டும். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கொடுத்தாலே அவை நகரும். வீடியோ எடுப்பதானால் அதற்குப் பிறகு எடுக்கலாம்.