பார்க்கப்படுகிறவள் வரையத் தொடங்கினால்

2009இல் மெனிக் பாம் முகாமை நாம் அறிந்துகொண்டது பெரும்பாலும் ஒரே மாதிரியான படங்களின் வழியாகத்தான். முள்கம்பிக்கு அப்பால் பெண்கள், இடுப்பில் குழந்தை, பின்னால் வரிசையாகக் கூடாரங்கள். கம்பிக்கு இப்பால் கேமரா. வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமானோரை அடைத்து வைத்திருந்த இடம் அது. பத்திரிகையாளர்கள் தம் விருப்பப்படி உள்ளே போய்வர முடியாது. முகாமின் பகுதிகளுக்கு ராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழர் பெயர்களையே வைத்திருந்தார்கள். கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த ஒருவரின் பெயரில் ஒரு தடுப்பு முகாம்!

அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பெண் எப்போதும் பார்க்கப்படுகிறவள். அவள் எதைப் பார்த்தாள் என்பது படத்தில் இல்லை. அதைத் தேடித்தான் நான் இரண்டு புத்தகங்களிடம் போனேன்.

முதலாவது, மினே ஓகுபோவின் ‘சிட்டிசன் 13660’. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் நாட்டிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கலிபோர்னியாவில் பிறந்த ஓவியரான ஓகுபோவும் அவர் தம்பியும் 1942இல் முதலில் டான்ஃபோரான் குதிரைப் பந்தயத் திடலின் கொட்டடி ஒன்றிலும், பிறகு யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமிலும் வைக்கப்பட்டார்கள். 13660 என்பது அவர்கள் குடும்பத்துக்குத் தரப்பட்ட எண். அடைக்கப்பட்டவர்கள் கேமரா வைத்திருக்கத் தடை. ஓகுபோ பேனாவாலும் மையாலும் வரைந்தார். 1946இல் அது புத்தகமாயிற்று.

ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் ஓகுபோ தன்னையும் வரைந்திருக்கிறார். மூலையில் நின்று பார்ப்பார், சில வேளை முகம் சுளிப்பார். மறைவில்லாத பொதுக் கழிப்பறைகளில் பெண்கள் துணியைக் குத்தியும் பலகையைச் சாத்தியும் தடுப்பு உண்டாக்கிக்கொள்வதை அவர் வரைந்திருப்பது எனக்கு முக்கியம். மெனிக் பாமில் இருந்த பெண்களும் குளிக்க மறைவிடமில்லை என்பதைத்தான் சொன்னார்கள். முகாம் பெண்ணிடமிருந்து முதலில் பறிப்பது சுவரை. காவல் கோபுரத்தை யாரும் வரைவார்கள். அந்தத் துணித் தடுப்பை வரைய, அதன் தேவையை அனுபவித்த கண் வேண்டும். ஓகுபோ அழுகையை வரையாமல் இந்தச் சின்ன ஏற்பாடுகளை வரைந்தார். அதனால்தான் அவர் படங்களில் யாரும் வெறும் பரிதாபப் பொருளாகவில்லை. 1981இல் முகாம்களைப் பற்றிய விசாரணை ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் சொன்னபோது இந்தப் புத்தகத்தையும் கொடுத்தார்.

இரண்டாவது, யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த 80 பேரிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார் சனாதனன். அதைக் கட்டடக்கலை முறைப்படி அளவாக மீண்டும் வரைந்து, வரைந்தவரின் கதையையும் தன் ஓவியத்தையும் சேர்த்தார். முகாம் நேரடியாக வராவிட்டாலும், முகாம் எதைப் பறித்தது என்பதன் கணக்கு இது.

இதைப் பெண்ணாகப் படிக்கும்போது இன்னொன்று தெரிகிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதன வீடு மகளின் சொத்து. விற்கக் கணவன் சம்மதம் வேண்டும் என்றாலும் அது அவள் பெயரில் இருப்பது. ஆக, வீடு போனதென்றால் பல பெண்களுக்குத் தம் பெயரில் இருந்த ஒரே சொத்தும் போனது. புத்தகத்திடம் எனக்குள்ள கேள்வியும் இங்குதான். கையால் வரைந்த படத்தில் அளவை முடிவு செய்வது நினைவு, மறுபடத்தில் அளவுகோல். அடுப்படி பெரிதாகவும் முன்னறை சிறிதாகவும் ஒருத்தி வரைந்தால் அது பிழையா, சாட்சியமா? சனாதனன் முதல் படத்தை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்ததால் நமக்கு இந்தக் கேள்வியாவது மிஞ்சுகிறது. அது அவருடைய நேர்மை.

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. தேனி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. இவை தடுப்பு முகாம்கள் அல்ல. ஆனால் கணக்கெடுப்பு நாளில் ஆள் வந்து நின்றாக வேண்டும்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் முகாம் அக்கா ஒருவரிடம், ஊர் வீட்டை வரைகிறீர்களா என்று கேட்டேன். மன்னார்க்காரர். அடுப்படியில் தொடங்கி, கிணறு, இரண்டுக்கும் நடுவே ஒற்றையடித் தடம் என்று வரைந்துகொண்டே போனார். விறாந்தையைக் காணோம். கேட்டதற்கு, “அது ஆம்பிளையள் இருக்கிற இடம்” என்றார். இப்போதைய வீட்டைக் கேட்டபோது ஒரு சதுரம் போட்டுவிட்டு, “இதுக்கென்ன பிளான் கீறுறது?” என்று சிரித்தார். முகாம் வாழ்க்கையைப் பற்றி நான் கண்ட படங்களில் அந்தச் சதுரமும் ஒன்று.

ஆய்வுக்கென்று முகாம்களுக்குப் போகும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசியை எடுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் கொடுங்கள். வரைந்ததை யார் வைத்துக்கொள்வது என்பதை வரைந்தவரே முடிவு செய்யட்டும். அக்கா அந்தத் தாளை எனக்குத் தரவில்லை. மடித்து, முகாம் அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.