சாலை ஆய்வில் யந்திரத்தின் எல்லை

தாரும் ஜல்லியும் மட்டுமே சாலையாகிவிடா. வளைவில் நிற்கும் எச்சரிக்கைப் பலகை, தடுமாறும் வாகனத்தைத் தாங்கும் இரும்புத் தடுப்பு, மழைநீரை வெளியேற்றும் வடிகால், கிலோமீட்டர் கல் ஆகிய யாவும் சேர்ந்தே சாலை என்னும் ஸ்தாபனம் உருவாகிறது. இவற்றின் நிலையை நடந்தும் ஜீப்பில் சென்றும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவந்த வேலையை, லேசர் கருவியும், சுற்றுப்புறம் முழுவதையும் படமெடுக்கும் காமிராவும், செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியும் பொருத்திய ஆய்வு வாகனங்களிடம் இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இன்று ஒப்படைத்து வருகிறது. இந்த மாறுதலின் குணதோஷங்களை நிதானமாக ஆராய்வது அவசியம்.

குணங்களுள் தலையாயது ஒரே அளவுகோல். வாகனத்தின் குலுக்கலைக் கொண்டு மேடுபள்ளத்தை அளந்த பழைய முறையில், வாகனத்தின் வில் மாறினால் அளவும் மாறியது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1982இல் உலக வங்கியின் முயற்சியால் பிரேசிலில் பரிசோதனைகள் நடந்து, அதன் பலனாகச் சர்வதேச கரடுமுரடு குறியீடு பிறந்தது. ஒரு கிலோமீட்டரில் எத்தனை மீட்டர் என்று அக்குறியீடு கூறும் கணக்கில், கன்னியாகுமரிச் சாலையும் காஷ்மீரச் சாலையும் ஒரே தராசில் ஏறுகின்றன. போக்குவரத்தை நிறுத்தாமலும், விரையும் லாரிகளுக்கிடையே ஊழியரை நிறுத்தி அவர் உயிரைப் பணயம் வைக்காமலும் இந்த அளவை எடுக்க முடிகிறது என்பது சாமான்யமான நன்மையன்று.

ஆயினும், யந்திரம் காண்பது பெரும்பாலும் மேற்பரப்பையே. பகலில் எடுத்த படத்தில் பளிச்சென்று தோன்றும் பலகை, முகவிளக்கின் ஒளியைத் திருப்பியனுப்பும் அதன் மேல்தாள் நைந்துபோயிருந்தால், இரவில் ஓட்டுநருக்கு இருந்தும் இல்லாததேயாகும். மூடுபலகைக்கு அடியில் வண்டல் அடைத்த வடிகாலை எந்தக் காமிராவும் காணாது. தேங்கிய நீர் அடித்தளத்தில் ஊறி, அது நெகிழ்ந்து, மேலே வெடிப்பு விட்ட பிறகே லேசர் அதனைப் பதிவு செய்கிறது. கடப்பாரையால் மூடுபலகையை நெம்பிப் பார்க்கும் சாலைப் பணியாளர் அதே நோயின் காரணத்தை ஒரு மழைக்காலம் முன்பே கண்டுவிடுவார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இவ்விஷயத்தில் நல்ல பாடம் தருகிறது. கார் குலுங்குவதைக் கைப்பேசி தானாகவே உணர்ந்து நகராட்சிக்குத் தெரிவிக்கும் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலி 2012இல் அங்கே வெளியாயிற்று. பதிவான குலுக்கல்களில் பல, குழிகளால் உண்டானவையல்ல, சாலை மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்துபோன பாதாளச் சாக்கடை மூடிகளாலும் அவை போன்றவற்றாலும் உண்டானவை என்பது ஆராய்ந்தபோது தெரிந்தது. அன்றியும், கைப்பேசி குறைவாக உள்ள ஏழைகளும் முதியோரும் வாழும் பகுதிகளிலிருந்து தகவலே வராமற்போகும் அபாயத்தை 2013இல் கேட் கிராஃபோர்ட் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் செல்லும் சாலை ஆய்வாளர்களிடமே முதலில் அச்செயலியைக் கொடுத்து நகராட்சி இக்குறையைச் சமாளித்தது. யந்திரத்தின் பாரபட்சத்தைத் திருத்தியது மனிதரின் கடமையுணர்ச்சியே.

ஆகவே யந்திரத்தை வெறுப்பதும் பிழை, அதனிடம் சரணடைவதும் பிழை. எந்தக் கிலோமீட்டரில் சந்தேகம் எழுகிறது என்பதை வாகனம் சொல்லட்டும்; அங்கே இறங்கி, பலகையை இரவிலும் வடிகாலை மழைக்கு முன்னும் சோதித்து, காரணத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு அச்சாலையைப் பழகியறிந்த ஊழியருடையதாக இருக்கட்டும். வாகனம் வந்துவிட்டது என்று காரணம் காட்டி அந்த ஊழியரின் பணியிடத்தைக் காலியாக விடும் நிர்வாகம், மிச்சப்படுத்திய சம்பளத்தைப் போல் பன்மடங்கைப் பழுதுபார்ப்பில் இழக்கும். ஆய்வின் முடிவு ஜனங்களும் பார்க்கக்கூடியதாகவும், ஒவ்வொரு குறைக்கும் அதைத் திருத்தவேண்டிய அதிகாரியும் தேதியும் நிதியும் குறிக்கப்பட்டதாகவும் இருந்தாலன்றி, எவ்வளவு துல்லியமான அளவாலும் ஒரு விபத்தைக்கூடத் தடுக்க முடியாது.