பத்துப் பிரதிகளுக்குள் அடைபட்ட படம்

ஒரு படச்சுருளிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓவியத்தைப் போல 'ஒன்றே ஒன்று' என்று அதற்கு விலை சொல்ல முடியாது. இதற்குக் கலைச் சந்தை கண்ட வழி, பிரதிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுத்துவிடுவது. மாத்யூ பார்னியின் 'கிரிமாஸ்டர்' வரிசைப் படங்கள் (1994–2002) ஒவ்வொன்றும் பத்துப் பிரதிகளாக, வேலைப்பாடு மிக்க பேழைக்குள் வைத்த வட்டாக விற்கப்பட்டன. 2007இல் இரண்டாம் படத்தின் ஒரு பிரதி சோத்பீஸ் ஏலத்தில் 5,71,000 டாலருக்குப் போனது. இந்த முறை கலைஞரை வாழவைக்கிறது. ஆனால் பார்ப்பதற்காகப் பிறந்த கலையை வைத்திருப்பதற்கான பொருளாக்கிவிடுகிறது.

வாழவைப்பது சிறிய காரியமன்று. ஜோனஸ் மேகாஸ் முதலானோர் 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் அமைத்த திரைப்படக் கூட்டுறவு யாருடைய படத்தையும் தேர்வின்றி ஏற்று, திரையிடலுக்கு வாடகைக்கு விட்டது. நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் ஸ்டான் பிராக்கேஜ் 1963இல் எடுத்த 'மாத்லைட்'டை நினைத்துப் பாருங்கள். படச்சுருள் வாங்கக்கூடத் திண்டாடிய நேரத்தில், செத்த விட்டில்களின் சிறகுகளையும் புல்லையும் இதழ்களையும் ஒளிபுகும் ஒட்டுநாடாக்களுக்கு இடையே பதித்து, கேமராவே இல்லாமல் செய்த படம். சுமார் நான்கே நிமிடம். எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் வாடகையில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. 1973இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஊதியமின்றித் தம் படங்களைத் திரையிட அழைத்தபோது ஹாலிஸ் ஃபிராம்ப்டன் எழுதிய கடிதம் இதைத்தான் கேட்டது: சுருள் செய்பவருக்கும் ஆய்வகத்தாருக்கும் படம் ஓட்டுபவருக்கும் கூலி உண்டு, எடுத்தவனுக்கு மட்டும் இல்லையா? சந்தையை ஒரேயடியாகப் பழிப்பவர்கள் முதலில் இந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

செப்புத் தகட்டு அச்சோவியங்களுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டே என்பார்கள். அங்கே ஒவ்வொரு அச்சிலும் தகடு தேய்கிறது. வரம்புக்குப் பொருள்சார்ந்த காரணம் இருக்கிறது. டிஜிட்டல் கோப்பு தேய்வதில்லை. பத்து என்ற எண் விலைக்காக மட்டுமே அங்கே நிற்கிறது. பிரதிகள் பெருகுவதுதான் படத்துக்கு ஆயுள் என்பதால், இந்த வரம்பு பாதுகாப்புக்கும் பகை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, சந்தை எந்த வகைப் படத்தை வளர்க்கிறது என்பது. மைக்கேல் ஸ்னோவின் 'வேவ்லெங்த்' (1967) 45 நிமிடம் ஓர் அறையின் குறுக்கே மெல்ல நெருங்கி, எதிர்ச்சுவரில் ஒட்டிய கடலலைப் புகைப்படத்தில் முடிகிறது. நடுவில் நுழைந்து நடுவில் வெளியேறும் கலைக்கூடத்தில் அது செத்துவிடும். கிறிஸ்டியன் மார்க்லேயின் 24 மணி நேர 'தி கிளாக்' (2010) எப்போது நுழைந்தாலும் பொருள் தரும். ஆறு பிரதிகளாக விற்றது. அருமையான படைப்புதான். அருங்காட்சியகங்கள் வாங்குவதால் பொதுமக்களுக்கும் காட்டப்படுகிறதே என்பதும் உண்மை. ஆனால் எந்த ஊரில், எப்போது என்பது உடைமையாளர் கையில் இருக்கிறது. 'மாத்லைட்'டை ஒரு சிறிய திரைப்படச் சங்கம்கூட வாடகைக்கு எடுக்கலாம்.

ஆகவே உடைமையையும் பார்க்கும் உரிமையையும் பிரித்தாக வேண்டும். பேழையும் வரைபடங்களும் சிற்பங்களும் எந்த விலைக்கும் போகட்டும், படம் புழங்கட்டும். தம் நியூயார்க் கலைக்கூடத்தை மூடிய ஹோவர்டு வைஸ் 1971இல் தொடங்கிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்டர்மிக்ஸ், எண்ணிக்கை வரம்பின்றி வீடியோ படைப்புகளைப் பள்ளிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வழங்கிவருகிறது. பார்னியின் படங்களும் திரையரங்குகளில் ஓடியவைதாம்; அதனால் பேழையின் விலை விழவில்லை. அப்படியிருந்தும் பொதுவிற்பனைக்கு டிவிடியாக வந்தது மூன்றாம் படத்தின் 'தி ஆர்டர்' என்ற சுமார் அரைமணி நேரப் பகுதி மட்டுமே. மீதியைத் தடுத்து வைக்க வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.